டிஃப்ராக் எந்தக் கணினிக்கு மருந்து?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்க முடியாத பழைய கணினிகள் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் கோயில் அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புதிது வாங்கப் பணம் சேரும்வரை இருப்பதை இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும். இந்த நேரம் பார்த்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு பழைய அறிவுரை மறுபடியும் சுற்றுகிறது: "கணினி மெதுவாக இருக்கிறதா? வாரம் ஒருமுறை டிஃப்ராக் செய்யுங்கள்." அதே குழுவில் இன்னொருவர் மறுக்கிறார்: "செய்யாதீர்கள், டிஸ்க் போய்விடும்."

டிஃப்ராக் என்பது சேமிப்பகத்தில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கும் வேலை. இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்பது கணினிக்குள் இருக்கும் சேமிப்பகம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் செய்வது, நோய் என்னவென்று பார்க்காமல் மாத்திரை விழுங்குவதற்குச் சமம்.

தட்டும் அதன் கையும்

வன்தட்டுக்குள் (ஹார்ட் டிஸ்க்) இருப்பது உண்மையாகவே தட்டுதான். காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் ஓர் அச்சில் சுழல்கின்றன. பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, மேசைக் கணினிகளில் 7200 சுற்று. தகட்டின் மேல் மெல்லிய கை ஒன்று உள்ளும் வெளியுமாக நகர்கிறது. அதன் நுனியில்தான் படிக்கும், எழுதும் முனை. இசைத்தட்டுப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு உருவம் பிடிபட்டுவிடும். இசைத்தட்டில் முள் தட்டைத் தொட்டபடி ஓடும். இங்கே முனை தகட்டைத் தொடுவதில்லை, சில நானோமீட்டர் இடைவெளியில் காற்றின் மேல் மிதக்கிறது. தொட்டால் தகடு கீறிவிடும்.

ஒரு தகவலை எடுக்க மூன்று காரியம் நடந்தாக வேண்டும்:

1. கை சரியான வளையத்துக்கு நகர வேண்டும். மடிக்கணினித் தட்டில் இதற்குச் சராசரியாகச் சுமார் 12 மில்லி விநாடி ஆகும்.

2. வேண்டிய இடம் சுழன்று முனைக்குக் கீழே வர வேண்டும். 5400 சுற்றுத் தட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி. சராசரியாக அரைச் சுற்று காத்திருந்தால் 5.6 மில்லி விநாடி.

3. அதற்குப் பிறகுதான் படிப்பு. தகவல் ஒட்டி ஒட்டி இருந்தால் விநாடிக்குச் சுமார் 100 எம்பி வேகத்தில் வாசித்துத் தள்ளிவிடும்.

முதல் இரண்டையும் கூட்டினால் சுமார் 18 மில்லி விநாடி. மனிதக் கணக்கில் அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் அதே நேரத்தில் அந்தத் தட்டு ஏறத்தாழ 1.8 எம்பி படித்து முடித்திருக்கும். வன்தட்டுக்குப் படிப்பது சுலபம். இடம் மாறுவதுதான் பாடு. டிஃப்ராக் என்ற வேலை பிறந்ததே இதனால்தான்.

கோப்பு எப்படிச் சிதறுகிறது

விண்டோஸ் தட்டை மொத்தமாகப் பார்ப்பதில்லை. சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. இன்று பரவலாக இருக்கும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் வழக்கமான கட்டத்தின் அளவு 4 கேபி. ஒரு கோப்பு எத்தனை கட்டம் பிடிக்கிறது, அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதை ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது.

கோயில் அலுவலகக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு, சுற்றறிக்கை, தைப்பூச ரசீதுப் பட்டியல் என மூன்று கோப்புகள் முதலில் அடுத்தடுத்து எழுதப்பட்டன. அவற்றின் முதலெழுத்தால் கட்டங்களைக் குறித்தால்:

க க க ச ச ச ச த த

பழைய சுற்றறிக்கை இனி வேண்டாம் என்று செயலாளர் அழித்துவிடுகிறார். நடுவில் நான்கு கட்டங்கள் காலி. மறுநாள் திருவிழாப் படம் ஒன்று வருகிறது. அதற்கு ஆறு கட்டம் வேண்டும். தட்டில் வேறு பெரிய இடம் இல்லையென்றால்:

க க க ப ப ப ப த த ப ப

படம் இரண்டு துண்டாகிவிட்டது. திறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது, பதிவேடு இரண்டு துண்டையும் கோத்துக் கொடுத்துவிடும். ஆனால் முனை நடுவில் ஒருமுறை தாண்டிப் போக வேண்டும். இன்னொரு வழியிலும் சிதறல் வரும். கணக்குக் கோப்பு நாளுக்கு நாள் வளர்கிறது. அதன் பக்கத்துக் கட்டத்தில் ஏற்கனவே வேறொன்று குடியிருக்கிறது. எனவே ஒவ்வொரு நாள் வளர்ச்சியும் வெவ்வேறு மூலையில் போய் உட்காரும். மின்னஞ்சல் பெட்டிகளும் மென்பொருள்கள் எழுதிக்கொண்டே போகும் பதிவுக் கோப்புகளும் இப்படித்தான் நூற்றுக்கணக்கான துண்டாகின்றன.

ஓரளவு காலியிடம் இருந்தால் என்டிஎஃப்எஸ் பெரிய இடமாகப் பார்த்துக் கோப்பை வைக்க முயலும். தட்டு நிரம்ப நிரம்ப அந்த வசதி போய்விடும். சிதறல் சட்டென்று அதிகரிப்பது தட்டு நிறையும் கட்டத்தில்தான்.

இதன் விலை என்ன? 4 எம்பி கோப்பு ஒன்று முழுதாக ஒரே இடத்தில் இருந்தால், ஒருமுறை தேட 18 மில்லி விநாடி, படிக்க 40 மில்லி விநாடி, ஆக மொத்தம் 58. அதே கோப்பு 40 துண்டாகச் சிதறியிருந்தால், 40 முறை தேட 720, படிக்க 40, ஆக மொத்தம் 760 மில்லி விநாடி. பதின்மூன்று மடங்கு. துண்டுகளை எல்லாம் எடுத்து மறுபடி வரிசையாக அடுக்கி வைப்பதுதான் டிஃப்ராக். சுழலும் தட்டுக்கு அது உண்மையான மருந்து. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் ஓர் எல்லை உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை

டிஃப்ராக் ஒரு கோப்பின் துண்டுகளைத்தான் சேர்க்கிறது. வெவ்வேறு கோப்புகள் தட்டில் வெவ்வேறு இடங்களில் இருப்பதை அதனால் பெரிதாக மாற்ற முடியாது.

கணினியைத் திறந்தவுடன் விண்டோஸ் ஒரே கோப்பைப் படிப்பதில்லை. இயக்கிகள், எழுத்துருக்கள், அமைப்புகள், வைரஸ் தடுப்பு, அச்சுப்பொறி மென்பொருள் என்று சின்னச் சின்னதாக ஏராளமான கோப்புகளை எடுக்கிறது. 500 சிறு கோப்புகள், ஒவ்வொன்றும் சிதறாமல் ஒரே துண்டாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கை நகர்ந்தால் 500 பெருக்கல் 18 மில்லி விநாடி, அதாவது 9 விநாடி. சிதறலே இல்லாத நிலையில், வெறும் தேடலுக்கு மட்டும் 9 விநாடி. விண்டோஸ் முன்கூட்டியே சிலவற்றைப் படித்து வைத்து இதைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் அடிப்படைக் கணக்கு மாறாது.

"டிஃப்ராக் செய்தேன், சிதறல் சுழியம் என்று காட்டுகிறது, இருந்தும் கணினி அப்படியே ஆமை வேகம்தான்" என்று பலர் குழம்புவது இதனால்தான். டிஃப்ராக் தன் வேலையைச் சரியாகவே செய்தது. மிச்சம் இருப்பது கை நகரும் நேரம். அதை எந்த மென்பொருளாலும் நீக்க முடியாது.

வண்ணக் கட்டங்களின் காலம்

அப்படியானால் டிஃப்ராக்குக்கு இவ்வளவு பெரிய பெயர் எங்கிருந்து வந்தது? 1990களிலிருந்து. 1993இல் வந்த டாஸ் 6 பதிப்பிலேயே மைக்ரோசாப்ட் இந்தக் கருவியைச் சேர்த்துக் கொடுத்தது. விண்டோஸ் 95, 98 காலத்தில் திரை முழுக்க வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த தலைமுறை இன்று நாற்பதுகளில் இருக்கிறது. நடுவில் வேறு ஏதாவது மென்பொருள் தட்டில் எழுதினால், தட்டின் உள்ளடக்கம் மாறிவிட்டது என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கும். அதனால் திரைக்காப்பானைக்கூட நிறுத்திவிட்டு, யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்கள்.

அன்றைய ஃபாட் கோப்பு முறை சிதறலுக்கு எளிதில் இடம் கொடுத்தது. தட்டுகளும் சிறியவை, சீக்கிரம் நிரம்பின. டிஃப்ராக் செய்த மறுநாள் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அனுபவம்தான் இன்றும் அறிவுரையாகச் சுற்றுகிறது. அனுபவம் பொய்யில்லை. அதற்குப் பிறகு மூன்று மாற்றங்கள் வந்துவிட்டன:

1. என்டிஎஃப்எஸ் வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்பெழுதி வைத்துக்கொண்டு செய்யும் முறை அது. டிஃப்ராக் நடக்கும்போது மாலை இடிமழையில் மின்சாரம் போனாலும், பழைய ஃபாட் காலத்தைப் போலக் கோப்புகள் அந்தரத்தில் நிற்பது அரிது.

2. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த வேலை தானியங்கியாகிவிட்டது. கேட்காமலேயே பின்னணியில் நடக்கும். விண்டோஸ் 8 முதல் இதன் பெயரே மேம்படுத்தல் என்று மாறியது. வழக்கமான கால அட்டவணை வாரம் ஒருமுறை.

3. 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் தொடுவதில்லை. 2 ஜிபி படக்கோப்பு ஒன்று இருபது பெரிய துண்டாக இருந்தால், கூடுதல் தேடல் மொத்தம் அரை விநாடிகூட இல்லை. அதைச் சேர்க்க 2 ஜிபியையும் தூக்கி வேறிடத்தில் எழுதுவது லாபமில்லாத உழைப்பு. இந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. சிதறலைக் காட்டும் சிவப்பு ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்று வெளி மென்பொருள்களை வைத்துத் தட்டை மணிக்கணக்கில் உருட்டுவது தேவையற்றது.

கையே இல்லாத சேமிப்பகம்

எஸ்எஸ்டி (சாலிட் ஸ்டேட் டிரைவ்) என்பது வேறு பிறவி. தகடு இல்லை, கை இல்லை, சுழற்சி இல்லை. விரலியில் (பென் டிரைவ்) இருப்பதைப் போன்ற ஃபிளாஷ் சில்லுகள்தான், இன்னும் திறமையான கட்டுப்பாட்டுச் சில்லோடு. எந்த மூலையில் இருக்கும் தகவலையும் எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி விநாடி போதும். மேலே பார்த்த 500 சிறு கோப்புகளின் 9 விநாடித் தேடல் இங்கே 0.05 விநாடி. 40 துண்டான கோப்புக்குத் தேடல் செலவு வெறும் 4 மில்லி விநாடி.

இதில் டிஃப்ராக் செய்தால் என்ன ஆகும்? விண்டோஸ் கட்டங்களை வரிசையாக அடுக்கியதாக நினைத்துக்கொள்ளும். ஆனால் விண்டோஸ் பார்ப்பது முகவரி எண்களை மட்டுமே. எந்த எண் எந்தச் சில்லில் எந்த மூலையில் என்பதை எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. எல்லாச் சில்லும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக அது தகவலை வேண்டுமென்றே பரப்பி வைக்கும். வெளியே வரிசையாகத் தெரிவது உள்ளே வரிசையாக இருக்காது, இருக்கவும் தேவையில்லை.

"டிஸ்க் போய்விடும்" என்ற பயம் எழுத்தின் கணக்கிலிருந்து வருகிறது. ஃபிளாஷ் சில்லில் ஏற்கனவே எழுதிய இடத்தில் நேரடியாக மேலெழுத முடியாது. பெரிய தொகுதியாக அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும், அப்படி அழிப்பதற்கு ஓர் எண்ணிக்கை எல்லை உண்டு. சந்தையில் உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டிகளில் 300 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தருபவை உண்டு. வாரம் ஒருமுறை டிஃப்ராக் செய்து ஒவ்வொரு முறையும் 20 ஜிபி இடம் மாறினால், வருடத்துக்குச் சுமார் 1 டிபி. ஒருமுறை தெரியாமல் செய்துவிட்டால் எஸ்எஸ்டி செத்துப்போகாது, பதற வேண்டாம். ஆனால் பயனே இல்லாத வேலைக்கு ஆயுளில் ஒரு துளியைக்கூட ஏன் கொடுக்க வேண்டும்?

எஸ்எஸ்டிக்கு வேண்டிய பராமரிப்பின் பெயர் டிரிம். ஒரு கோப்பை அழித்ததும், "இந்தக் கட்டங்கள் இனி காலி" என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லும் தகவல் அது. சொன்னால்தான் எஸ்எஸ்டி அந்த இடத்தை ஓய்வு நேரத்தில் துடைத்து வைத்துக்கொள்ள முடியும். விண்டோஸ் 7இலிருந்து இது இருக்கிறது. விண்டோஸ் 8க்குப் பிறகு மேம்படுத்தல் பொத்தானை எஸ்எஸ்டி மீது அழுத்தினால் பொதுவாக நடப்பது டிரிம்தான், பழைய டிஃப்ராக் அல்ல. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் இயக்கத்தில் இருக்கும் கணினிகளில் விண்டோஸ் தானாகவே எப்போதாவது எஸ்எஸ்டியையும் ஓரளவு சீராக்குவதுண்டு. துண்டுகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டுக்கும் ஓர் எல்லை இருப்பதே காரணம். அதை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டுவிடலாம்.

தட்டிலிருந்து சில்லுக்கு உலகம் மாறியதை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் வன்தட்டு ஆலையை 2019 முடிவுக்குள் மூடப்போவதாக அறிவித்தது. அதே அறிவிப்பில் பினாங்கில் எஸ்எஸ்டி தயாரிப்பை விரிவாக்குவதாகவும் சொன்னது. வன்தட்டு மறைந்துவிடவில்லை. பெரிய தரவு மையங்களில் மலிவான பெருஞ்சேமிப்புக்கு அதுதான் இன்றும் கைகொடுக்கிறது. வீட்டு மடிக்கணினியிலிருந்துதான் அது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

உங்கள் கணினியில் எது?

1. தொடக்கப் பட்டியில் டிஃப்ராக் (defrag) என்று ஆங்கிலத்தில் தட்டினால், டிரைவ்களைச் சீராக்கும் கருவி வரும். அதில் மீடியா டைப் என்ற பத்தியில் ஹார்ட் டிஸ்க் டிரைவா, சாலிட் ஸ்டேட் டிரைவா என்று எழுதியிருக்கும். சில மேசைக் கணினிகளில் இரண்டும் இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

2. அதன் பக்கத்தில் கடைசியாக எப்போது சீராக்கப்பட்டது என்ற தேதி இருக்கும். இதைத்தான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வேன். போன வாரம் என்று இருந்தால், நீங்கள் கையால் செய்ய எதுவும் இல்லை. பல மாதம் முந்தைய தேதி என்றால், வேலை முடிந்த அடுத்த நொடியே மடிக்கணினியை மூடிவிடும் பழக்கம் காரணமாக இருக்கலாம். பின்னணி வேலைகளுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஓர் இரவு மின்னிணைப்போடு திறந்தபடி விட்டால் போதும்.

3. வன்தட்டு என்று உறுதியானால் அனலைஸ் பொத்தானை அழுத்திச் சிதறல் சதவீதத்தைப் பார்க்கலாம். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் டிஃப்ராக்கால் பெரிய மாற்றம் வராது. அதற்கு மேல் இருந்தால் செய்யலாம், ஆனால் தட்டில் குறைந்தது 15 சதவீதம் காலியிடம் இருக்கட்டும். துண்டுகளைத் தற்காலிகமாக வைக்க இடமில்லாமல் அடுக்க முடியாது.

தட்டே ஆனாலும் செய்யக் கூடாத நேரங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வேகம் போனால் திரும்பக் கொண்டுவரலாம். குழந்தையின் காதுகுத்துப் படங்கள் போனால் வராது.

தட்டு கெடத் தொடங்கியிருக்கும்போது டிஃப்ராக் செய்யக் கூடாது. அறிகுறிகள் தெளிவானவை: டக், டக் என்று சீராக அடிக்கும் ஓசை, ஒரு கோப்புறையைத் திறக்க நிமிடக்கணக்கில் உறைந்து நிற்பது, நகலெடுக்கும்போது படிக்க முடியவில்லை என்ற பிழை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். அதில் இடம் மாற்றப்பட்ட பிரிவுகள், முடிவாகாமல் நிற்கும் பிரிவுகள் என்ற இரண்டு எண்களில் ஒன்றாவது சுழியமாக இல்லையென்றால் எச்சரிக்கை. இப்படிப்பட்ட தட்டை மணிக்கணக்கில் படித்து எழுத வைப்பது, மூச்சு வாங்குகிறவரை மலையேறச் சொல்வதைப் போன்றது. முதல் வேலை, முக்கியமானவற்றை வெளித் தட்டுக்கு நகலெடுப்பது. வேகம் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெரியாமல் அழித்த கோப்பை மீட்க நினைத்தாலும் செய்யக் கூடாது. வன்தட்டில் அழித்த கோப்பு உடனே மறைவதில்லை; பதிவேட்டில்தான் காலி என்று குறிக்கப்படுகிறது. டிஃப்ராக் அந்தக் காலியிடத்தில் வேறு துண்டுகளைக் கொண்டுவந்து எழுதிவிடும். எஸ்எஸ்டியில் டிரிம் வேலையை முடித்திருந்தால் மீட்பு பெரும்பாலும் கைகூடாது.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது. அண்மைக் கால 1 டிபி, 2 டிபி மடிக்கணினித் தட்டுகளில் பல, கூரை ஓடு வேய்வதைப் போல வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதுகின்றன. இடம் மிச்சம், விலை குறைவு. ஆனால் நடு ஓட்டை மட்டும் மாற்ற முடியாததைப் போல, நடுவில் ஒரு வளையத்தைத் திருத்தினால் அதை ஒட்டிய வளையங்களையும் மறுபடி எழுத வேண்டும். இவ்வகைத் தட்டில் டிஃப்ராக் பல மணி நேரம் இழுக்கும். வேண்டாம் என்றில்லை, பொறுமை வேண்டும். நடுவில் உறைந்துவிட்டது என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

மெதுவுக்கு மெய்யான காரணம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் அதைப் பார்ப்பது எந்த அறிவுரையையும் விட மேல். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் காட்டி, படிக்கும், எழுதும் வேகமோ விநாடிக்கு 1 அல்லது 2 எம்பி மட்டுமே என்றால், கை இங்கும் அங்கும் ஓடிக் களைத்துப்போகிறது என்று அர்த்தம். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், 4 ஜிபி நினைவகம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தைத் தட்டில் எழுதி எழுதி எடுக்கிறது. இதற்கு டிஃப்ராக் மருந்தில்லை, நினைவகம் கூட்டுவதே மருந்து. தொடக்கத்தில் தானாகத் திறக்கும் மென்பொருள்களையும் அதே சாளரத்திலேயே நிறுத்தலாம், காசு செலவில்லை.

கையில் கொஞ்சம் காசு இருந்தால், டிஃப்ராக் செய்து தரக் கடையில் கூலி கொடுப்பதைவிட, அந்தப் பணத்தோடு மேலும் சேர்த்து ஒரு சாட்டா (பழைய வன்தட்டின் அதே இணைப்பு வகை) எஸ்எஸ்டி வாங்குவதையே பரிந்துரைப்பேன். 2.5 அங்குலத் தட்டு உள்ள மடிக்கணினிகளில் அதே இடத்தில் அதே திருகாணிகளில் அது பொருந்தும். கோலாலம்பூரின் லோ யாட் போன்ற கணினிப் பேரங்காடிகளில் பழைய தட்டில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுத்துத் தருகிறார்கள். கடைக்குப் போகும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள்: முக்கியக் கோப்புகளைத் தனியே வெளித் தட்டில் நகலெடுத்து வீட்டில் வையுங்கள், பழைய வன்தட்டைத் திருப்பிக் கேட்டு வாங்குவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்த தட்டு நலமாக இருந்தால், யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டுப் படங்களின் இரண்டாம் நகலை வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை எழுதி அப்படியே கிடக்கும் படங்கள் வளர்வதில்லை, அழிவதில்லை. அந்தத் தட்டில் சிதற எதுவும் இல்லாததால், டிஃப்ராக் பற்றிய கேள்வியே அங்கே எழாது.